சொந்த லாரி, யாருக்குச் சொந்தம்?

அமெரிக்க லாரித் தொழிலில் ஓயாமல் சொல்லப்படும் வாதம்: சம்பளத்துக்கு ஓட்டுவதைவிட, கம்பெனியிடமே லாரியைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டினால் மைலுக்குக் கூடுதல் காசு, நாளடைவில் வண்டியும் சொந்தம்.

1. மைலுக்குக் கிடைப்பது வெறும் வரவு. வண்டித் தவணை, டீசல், இன்சூரன்ஸ், பராமரிப்புப் பிடித்தம் போக மிஞ்சுவதே கூலி. ஒன்றும் மிஞ்சாத வாரங்களும் உண்டு. வாரம் முழுக்க ஓட்டிவிட்டுக் கடனோடு வீடு திரும்புவதற்குப் பெயர் வருமானமா? 15.3 சதவீத சுயதொழில் வரி வேறு. சம்பளக்காரருக்கு அதில் பாதியை முதலாளி கட்டுவார்.

2. சொந்தத் தொழிலாம்! லோடு கொடுப்பதும் தவணை பிடிப்பதும் ஒரே கை. லோடு நின்றாலும் தவணை நிற்காது. வேறு கம்பெனிக்கு ஓட்டலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

3. “ஒப்பந்தத்தைப் படித்துத்தானே ஓட்டுநர் கையெழுத்துப் போட்டார்?” அரசு அமைத்த லாரிக் குத்தகைப் பணிக்குழுவும் படித்தது. 2025 ஜனவரியில் அது முதன்மையாகக் கேட்டது திருத்தத்தை அல்ல, தடையை.

4. வண்டி சொந்தமாகுமாம். தவணை தவறினால் வண்டி திரும்பப் போகும், கட்டிய பணம் திரும்பாது. மறுவாரம் அதே லாரியின் சாவி இன்னொருவர் கையில்.