பெட்ரோல் திரும்பி வந்த பிறகு

2020 மார்ச் 25-ல் நாடு முடங்கியது. ஊரடங்கு தளர்ந்ததும் ஜனங்கள் சைக்கிள் கடைகளுக்குப் படையெடுத்தார்கள். மே முதல் செப்டம்பர் வரை ஐந்தே மாதங்களில் நாடு முழுக்க 41 லட்சத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்கள் விற்றன என்றது உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கு. அந்த வேகம் புதுச்சேரியில் நிலைத்ததா? காலை ஒன்பது மணிக்கு இந்திரா காந்தி சிலை அருகே சிக்னலில் நின்று பாருங்கள். ஸ்கூட்டர், பைக், கார், அவற்றின் இடுக்கில் ஒரு காலைத் தரையில் ஊன்றி நிற்கும் ஓரிரு சைக்கிள்காரர்கள். பெரும்பாலும் அவர்கள் கொரோனாவுக்கு முன்பும் சைக்கிளில் போனவர்கள்தான்: கொத்து வேலைக்குப் போகிறவர், பால் ஊற்றுகிறவர், ஆசிரமத்துப் பெரியவர்.

இந்த ஊர் பல வண்டிகளைப் பார்த்துவிட்டது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புஸ்-புஸ் ஓடியது. பின்னாலிருந்து ஆள் தள்ள, உள்ளே உட்கார்ந்திருப்பவர் கைப்பிடியைத் திருப்பி வழிநடத்துவார். அது போய் சைக்கிள் ரிக்‌ஷா வந்தது, பிறகு ஆட்டோ. இடையில் தெருவுக்குத் தெரு வாடகை சைக்கிள் கடைகள்: மட்கார்டில் பெயிண்டால் எழுதிய நம்பர், எடுத்த நேரத்தைக் குறிக்கும் அழுக்கு நோட்டு. இரவில் விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார். குமாஸ்தாவும் வாத்தியாரும் கூச்சமில்லாமல் சைக்கிள் மிதித்த காலம் அது. 1980-ல் டிவிஎஸ் 50 வந்தது. கொஞ்சம் வசதி வந்தவர்கள் ஒவ்வொருவராக மொபெட்டுக்கு மாறினார்கள்.

நெருக்கடி வந்தால் மனிதர்கள் மாறுவார்கள், அது தீர்ந்தால் பழையபடி திரும்புவார்கள் என்பதற்குச் சான்றுகள் நிறைய. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது நம் சாலைகளில் கரி வாயுவில் பஸ்கள் ஓடின. ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிஸில் சைக்கிள் டாக்சிகள் ஓடின. பெட்ரோல் திரும்பி வந்ததும் இரண்டும் காணாமல் போயின. 1973 எண்ணெய் நெருக்கடியில் நெதர்லாந்து ஞாயிற்றுக்கிழமைகளில் காருக்குத் தடை போட்டது. அந்தத் தடை சில மாதங்களில் முடிந்தது. ஆனால் சாலை விபத்துகளில் குழந்தைகள் சாவதைக் கண்டு பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடியதால் தனிச் சைக்கிள் பாதைகள் பிறந்தன. அவை இன்றும் இருக்கின்றன, மிதிப்பவர்களும் இருக்கிறார்கள். 2020-ல் பாரிஸ் நகரம் அவசரத்துக்குப் போட்ட சைக்கிள் தடங்களைப் பிறகு நிரந்தரமாக்கியது. 2024-ல் வெளியான ஆய்வின்படி, அந்நகருக்குள் நடக்கும் பயணங்களில் சைக்கிளின் பங்கு 11 சதவீதம், காரின் பங்கு 4 சதவீதம்தான்.

மின்சார சைக்கிளின் கதை வேறு. 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்டவற்றுக்கு லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம். ஆனால் மத்திய அரசின் ஃபேம் மானியம் போய்ச் சேர்ந்தது மின் ஸ்கூட்டர்களுக்கு. அதனால் புகை குறைந்தது, நல்லதே. நெரிசல் மட்டும் குறையவில்லை. மின் ஸ்கூட்டரும் பெட்ரோல் ஸ்கூட்டர் அளவு இடத்தைத்தானே அடைக்கிறது?

பழைய நகரைச் சுற்றி ஓடும் புல்வார் சாலைக்குள் மிதிக்க பேட்டரியே தேவையில்லை. ஊர் தட்டை, தெருக்கள் நேர்கோடு, எந்த மூலைக்கும் கால் மணி நேரம் போதும். கோரிமேட்டில் ஏறி ஜிப்மருக்குப் போகும் செவிலியருக்கும், சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளி வில்லியனூரிலிருந்து வரும் கடைச் சிப்பந்திக்கும்தான் அது வேண்டும். மே மாத வெயிலில் வேர்த்து விறுவிறுக்க வேலைக்குப் போய் நிற்க யாருக்குப் பிடிக்கும்? அப்படிப்பட்டவர் மின் சைக்கிள் வாங்கினாலும், பஸ்ஸும் லாரியும் உரசிப் போகும் சாலையில் எத்தனை நாள் ஓட்டுவார்?

சாலையை மனிதர்களுக்கு விட்டுக்கொடுக்க இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடற்கரைச் சாலை தினமும் மாலை ஆறு மணிக்கு வாகனங்களுக்கு மூடப்படுகிறது, மறுநாள் காலைதான் திறக்கிறது. ஞாயிறுதோறும் காந்தி வீதி சந்தையாகிவிடுகிறது. விதி இருக்கிறது, அதனால் பழக்கமும் இருக்கிறது.

விதியும் இடமும் இல்லாததால் கொரோனா கால சைக்கிள் மோகம் இங்கே நிலைக்கவில்லை. இப்படியே விட்டால் மின் சைக்கிளும் நிலைக்காது. ஒருவழித் தெருக்களில் சைக்கிளுக்கு விலக்கு கொடுங்கள். புல்வாருக்குள் வேகத்தை 30 கிலோமீட்டருக்குள் நிறுத்துங்கள். வில்லியனூர் சாலையிலும் கோரிமேட்டுச் சாலையிலும் தடுப்பு வைத்து ஓரம் ஒதுக்குங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கும் அரசு, அவர்கள் அதைப் பயமில்லாமல் ஓட்டிப் போக இரண்டு மீட்டர் சாலையையும் கொடுக்க வேண்டும்.