கால் வலுவையும் அளந்து பாருங்கள்: முதுமைத் தசை இழப்பு குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

மூத்தோர் நலனில் பணியாற்றும் மருத்துவர்கள், இயன்முறை மருத்துவர்கள், செவிலியர்கள், உணவியல் வல்லுநர்கள் சேர்ந்தது எங்கள் அமைப்பு. முதுமையில் தசை குறைவது பற்றி எங்கள் நிலைப்பாடு இதுதான்: வயது ஏறும்போது தசை ஓரளவு குறைவது இயற்கை. ஆனால் எழவும் நடக்கவும் முடியாத அளவுக்கு அது கரைவதைப் பெரும்பாலும் தள்ளிப்போட முடியும். எனவே 60 வயதைக் கடந்த எல்லோருக்கும் இரத்த அழுத்தம், சர்க்கரை பார்ப்பதுபோலக் கால் வலுவையும் பார்க்க வேண்டும். வலு குறைந்திருந்தால் ஓய்வைப் பரிந்துரைக்காமல் பயிற்சியைப் பரிந்துரைக்க வேண்டும்.

எங்கே தொடங்குகிறது

பேருந்துப் படியில் ஏறும் அம்மாவைக் கவனியுங்கள். ஒரு கை கம்பியில், மறு கை முழங்காலில். காலால் ஆகாததைக் கையால் உந்தி ஏறுகிறார். வீட்டில் நாற்காலியின் கையைப் பிடித்து எழுகிறார். தரையில் உட்காருவதை எப்போதோ விட்டுவிட்டார். கேட்டால் “வயசாச்சுல்ல” என்கிறார். மூட்டுத் தேய்மானம் என்று வீட்டார் முடிவுகட்டிவிடுகிறார்கள். பல நேரங்களில் மூட்டோடு தசையும் தேய்ந்திருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை.

இந்த இழப்புக்கு சார்கோபீனியா என்று 1989-இல் பெயர் வைத்தவர் அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பர்க். கிரேக்கத்தில் ‘சதை வறுமை’ என்று பொருள். 30 வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது. 60-க்குப் பின் வேகம் கூடுகிறது. வலுவோ தசையைவிட வேகமாகக் குறைகிறது.

ஏன் குறைகிறது

முதல் காரணம் நரம்பு. தண்டுவடத்திலிருந்து தசைக்குக் கட்டளை கொண்டுசெல்லும் நரம்பணுக்கள் வயதாக ஆக மடிகின்றன. ஒன்று மடிந்தால், அதை நம்பியிருந்த தசைநார்களில் சிலவற்றைப் பக்கத்து நரம்பு ஏற்றுக்கொள்கிறது, மிச்சம் சுருங்கிப்போகின்றன. அதிகம் அடிபடுபவை வேகமாக இயங்கும் தசைநார்கள். கால் இடறும்போது சட்டென்று அடுத்த அடியை எடுத்துவைத்து நம்மைக் காப்பவை அவைதாம். வயதானவர் தடுமாறினால் எளிதில் விழுந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, உண்ட புரதத்தைத் தசையாக்கும் திறன் மந்தமாகிறது. இளைஞருக்குப் போதுமான அளவு முதியவருக்குப் போதாது. ஹார்மோன்கள் குறைவது, நாட்பட்ட அழற்சி, சர்க்கரை நோய் ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் கணிசமான பங்கை உள்வாங்குவது தசை. ஆகவே தசை கரைந்தால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் கடினமாகிறது.

மூன்றாவது, அசையாமை. படுக்கையில் கிடந்த ஆரோக்கியமான முதியோருக்குப் பத்தே நாளில் கால்களிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்ததை ஓர் ஆய்வு பதிவுசெய்தது. காய்ச்சலுக்கு மருத்துவமனையில் சேர்ந்தவர் காய்ச்சல் தணிந்தும் நடக்க முடியாமல் வீடு திரும்புவதன் சூட்சுமம் இது. வீட்டிலும் இதே கதைதான். “நீங்க உட்காருங்கம்மா, நாங்க பாத்துக்கிறோம்” என்று அன்பாகச் சொல்லி, தண்ணீர்ச் செம்பைக்கூடத் தூக்கவிடாமல் செய்கிறோம். அந்த அன்பு காலைப் பறித்துக்கொள்கிறது.

மீட்க முடியுமா

முடியும். பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டிய பத்துப் பேரிடம் நடந்த ஆய்வு 1990-இல் வெளியானது. எட்டு வாரம் காலால் எடை தூக்கும் பயிற்சி எடுத்தவர்களின் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. சிறிய ஆய்வுதான். ஆனால் 1994-இல் 100 பேரைக் கொண்டு நடந்த அடுத்த ஆய்விலும் பயிற்சி பலன் தந்தது. பயிற்சியில்லாமல் ஊட்டச்சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்கு வலு கூடவில்லை.

நாங்கள் பரிந்துரைப்பவை

சோதனை: கையில்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். சார்கோபீனியாவுக்கான ஆசிய வல்லுநர் குழுவின் 2019 வரையறைப்படி 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கெண்டைக்காலின் சுற்றளவு ஆண்களுக்கு 34 செ.மீ., பெண்களுக்கு 33 செ.மீ.க்குக் குறைந்தாலும் அப்படியே.

பயிற்சி: நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது, தசைக்கு அது மட்டும் போதாது. தசைக்குப் பாரம் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் வாரத்தில் இரண்டு நாளாவது வலுப்பயிற்சியும், முதியோருக்கு மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. நாற்காலியிலிருந்து எழுவது, சுவரைக் கையால் தள்ளுவது, குதிகாலைத் தூக்கி நிற்பது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது என்று தொடங்கலாம். ஒவ்வொரு பயிற்சியிலும் கடைசி இரண்டு முறை சற்றுச் சிரமமாக இருக்க வேண்டும். எளிதாகிவிட்டால் பாரத்தைக் கூட்டுங்கள். நெஞ்சுவலி, கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம், அண்மையில் அறுவை சிகிச்சை ஆகியவை இருந்தால் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குங்கள்.

உணவு: 65 வயதைக் கடந்தவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என்பது பன்னாட்டு வல்லுநர் பரிந்துரை. 55 கிலோ எடையுள்ளவருக்கு 55 கிராமாவது வேண்டும். காலையில் மூன்று இட்லி, மதியம் ரசம் சோறு, ராத்திரி இரண்டு தோசை, இடையில் இரண்டு காபி என்று போனால் 30, 35 கிராமைத் தாண்டுவதே அரிது. இதோடு ஒரு முட்டை, ஒரு தம்ளர் பால், ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு கைப்பிடி நிலக்கடலை சேர்த்தால் ஒவ்வொன்றிலும் சுமார் 6 கிராம் கிடைக்கும், கணக்கு நேராகிவிடும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் அளவைத் தாண்டக் கூடாது.

எங்கள் கோரிக்கைகள்

அரசுக்கு: 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது, இயன்முறை சிகிச்சையும் தருகிறது. வீடு தேடிவரும் பெண் தன்னார்வலர் நாற்காலிச் சோதனையையும் செய்யட்டும். அதற்குத் தேவை ஒரு நாற்காலியும் ஒரு கடிகாரமும் இரண்டு நிமிடமும்தான்.

மருத்துவமனைகளுக்கு: மருத்துவக் காரணம் இல்லாத முழுப் படுக்கை ஓய்வைக் கைவிடுங்கள். முதியவரை முடிந்தவரை முதல் நாளிலேயே எழுப்பி உட்கார வையுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மருந்துச் சீட்டோடு பயிற்சிச் சீட்டும் கொடுங்கள்.

விற்பனையாளர்களுக்கு: பயிற்சியைச் சொல்லாமல், புரதப் பொடி மட்டுமே வலு தரும் என்று முதியோருக்குச் செய்யும் விளம்பரங்களை நாங்கள் ஏற்கவில்லை.

குடும்பங்களுக்கு: பெரியவர்கள் செய்யக்கூடிய வேலையை அவர்களிடமிருந்து பிடுங்காதீர்கள். அம்மா எழும்போது கை கொடுக்கத் தோன்றும். விழுந்துவிடாதபடி பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். அவரே எழட்டும்.