பூனையும் நம் பிள்ளைகளும்



ஏப்ரல், மே விடுமுறையில் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் திருப்புறம், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் குடும்ப வீடுகளுக்கு வரும் நம் பிள்ளைகள் முதலில் தேடி ஓடுவது அடுக்களை வாசலில் படுத்திருக்கும் பூனையைத்தான். அடுக்குமாடியில் வளர்ந்து, ஒரு கோழியைக்கூடத் தொட்டறியாத பிள்ளைக்கு அது பெரிய அதிசயம். அந்த ஒரு ஜீவனைக் கொண்டே சிருஷ்டிகரின் கைவேலையைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம். கைப்பேசியைச் சற்று நேரம் வாங்கி வைத்துவிட்டு முயன்று பாருங்கள்.

சாளை மீனின் தலை ஒன்றையும் வெல்லத் துண்டு ஒன்றையும் பூனையின் முன் வைக்கச் சொல்லுங்கள். மீன் தலை உடனே மறையும். வெல்லம் கிடந்த இடத்திலேயே கிடக்கும். பூனைக்கு இனிப்பின் சுவை தெரியாது. அதை உணர்வதற்கு வேண்டிய மரபணு பூனையிடத்தில் செயலற்றிருப்பதை 2005ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். புலிக்கும் இதே நிலைதான்.

வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் ஆகிய மூன்று நிறமும் கலந்த பூனையை ஊரில் கண்டால், "இது பெண் பூனை" என்று பிள்ளை தயங்காமல் சொல்லலாம். ஆண் வெகு அபூர்வம். செம்மஞ்சளா கறுப்பா என்பதைத் தீர்மானிக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. பெண்ணுக்கு அது இரண்டு, ஆணுக்கு ஒன்றே. ஆகவே இரு நிறமும் சேர்ந்து வருவது பெண்ணிடத்தில்தான். இரவில் டார்ச் வெளிச்சம் பட்டால் கண் மின்னுவது, விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோன்ற ஒரு படலம் ஒளியைத் திருப்பி அனுப்புவதால். இதை அறிந்த பிள்ளை இருட்டில் அந்தக் கண்களைக் கண்டு அலறாது.

ஞாயிறு பள்ளிக்கு ஒரு கேள்வி: வேதாகமத்தின் 66 புத்தகங்களில் வீட்டுப் பூனை எங்கே வருகிறது? எங்கும் இல்லை! சிங்கமும் சிறுத்தையும் பலமுறை வருகின்றன. ஆயினும் எசேக்கியேல் 30ஆம் அதிகாரத்தில் பிபேசெத் என்னும் எகிப்தியப் பட்டணத்தின் பெயர் உண்டு. பூனைத்தலை கொண்ட ஒரு தெய்வத்தை எகிப்தியர் வணங்கிய பட்டணம் அதுவே. செத்த பூனைகளைத் தைலமிட்டுத் துணியில் சுற்றி அடக்கம் செய்யுமளவுக்கு அவர்கள் பக்தி முற்றியிருந்தது.

நாம் பூனையை வணங்குவதில்லை, ஆனால் பயப்படுகிறோம்! ஆராதனைக்குப் புறப்படும்போது பூனை குறுக்கே போனால், திரும்பிவந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகும் விசுவாசிகள் இன்றும் உண்டு. பிள்ளைகள் நம் வாயைவிட நம் காலையே கவனிக்கின்றனர். பூனை தன் இரையைத் தேடிப் போகிறது என்று சொல்லி நேராக நடந்துபோங்கள். வேறு பிரசங்கம் தேவையில்லை.

இனிச் சொல்வதைக் கவனமாய் வாசியுங்கள். கேரள சுகாதாரத் துறையின் கணக்குப்படி 2020ஆம் ஆண்டில் பூனைக்கடிக்குச் சிகிச்சை பெற்றோர் 2,16,551 பேர். நாய்க்கடிக்கு 1,60,483 பேர். வெறிநோய் பெரும்பாலும் நாயினால் வருவதே. எனினும் பூனையின் கடியாலும் கீறலாலும் அது வரக்கூடும். அடி விழும் என்று அஞ்சி, கீறலைச் சட்டைக் கைக்குள் மறைக்கும் பிள்ளைகள் உண்டு. "பூனை கீறினால் உடனே சொல், நான் அடிக்கமாட்டேன்" என்று ஊருக்கு வரும் முன்பே வாக்குக் கொடுங்கள். சொன்னபின் அடிக்கவும் வேண்டாம்.

காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ பூசவேண்டாம். ஜெபியுங்கள், ஜெபித்துக்கொண்டே அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நோயின் அறிகுறி தோன்றியபின் மருத்துவர் செய்யக்கூடியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதற்கு முன் ஊசி காப்பாற்றும். ஊருக்குத் திரும்பும் ரயில் மறுநாள் என்றாலும் முதல் ஊசியை இங்கேயே போட்டு, சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, மீதி ஊசிகளைச் சென்னையிலோ மும்பையிலோ குறித்த நாளில் தவறாமல் போடுங்கள். வீட்டுப் பூனைக்கும் கால்நடை மருத்துவமனையில் ஆண்டுதோறும் தடுப்பூசி போடும்படி அப்பச்சியிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.