பெட்டியே வாங்காதவன் எதைத் தூக்கி எறிவது?

சிகரட்டை விடுவதென்றால் முதல் வேலையாக மிச்சப் பெட்டியைக் குப்பையில் போடு என்பார்கள். எங்களிடம் போடுவதற்குப் பெட்டியே இருக்கவில்லை. தெஹிவளையில் எங்கட வயதில் எத்தனை பேர் முழுப் பெட்டி வாங்குறாங்கள்? தேத்தண்ணிக் கடையில் பிளேன்டீ ஒன்று, சிகரட் ஒன்று, கயிற்றில் தொங்குகிற லைட்டர். அவ்வளவுதான்.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் சிகரட் விளம்பரத்தைத் தடுத்தது. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது என்றது. 2015இலிருந்து பெட்டியின் 80 வீதத்தை எச்சரிக்கைப் படம் மூட வேண்டும். நல்லது. ஆனால் அந்தப் படத்தை ஒவ்வொரு நாளும் பார்க்கிறவர் கடைக்கார அண்ணைதான், பெட்டியைத் திறக்கிறது அவர்தானே! எங்கட கைக்கு வாறது வெறும் வெள்ளைக் குச்சி.

போன வருசம் நாங்கள் மூன்று பேர் ஒன்றாக விட்டம். முதல் சில நாள் மோசம். தலையிடி, நித்திரையில்லை, அம்மாவோடு காரணமில்லாத சண்டை. உடம்பு நிக்கொட்டின் கேட்கிற நாட்கள் அவை. மூன்று நாலு கிழமையில் அது அடங்கிவிட்டது. அடங்காதது பின்னேரம் ஐந்தரை மணி. காலி வீதியில் பஸ்ஸால் இறங்கினால் கால் தானாகவே கடைப்பக்கம் திரும்பும். வேலைக் கதை, விசாக் கதை, காதல் முறிந்த கதை எல்லாமே அந்த ஒரு சிகரட் எரிந்து முடிகிற நேரத்துக்குள்தான் பேசியிருக்கிறம். சும்மா கையோடு நின்றால் "என்ன மச்சான், ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்கிறாங்கள். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் போனை எடுத்தம். (அதை விடுவது பற்றி இன்னொரு நாள் எழுதுவம்.)

ஐந்தாவது கிழமை எங்களில் ஒருத்தன் திரும்பப் பத்தினான். ஒரு செத்தவீட்டில் யாரோ ஒன்றை நீட்டியிருக்கிறார்கள். 'உனக்கு மனவுறுதி இல்லை' என்று அவனை ஏசினம். இப்போது யோசித்தால், பிழை எங்களில்தான். பத்தடிக்கு ஒரு கடையில் ஒற்றையாக வாங்கக்கூடிய ஊரில் மனவுறுதி பற்றிய பிரசங்கம் பாதி ஏமாற்று.

ஒற்றைச் சிகரட் விற்பதைத் தடுக்க வேண்டும் என்பதுதான் எங்கட நிலைப்பாடு. ஒன்றுக்குக் காசு தேடுகிற பள்ளிக்கூடப் பொடியன் பெட்டிக்குத் தேட மாட்டான். சின்னக் கடைக்காரர் பாவம் என்று சொல்வார்கள். அவருக்கு நட்டம் வரும், மறுக்கவில்லை. ஆனால் சிலோன் டொபாக்கோ கம்பனியின் பெரும்பங்கு பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவிடம் இருக்கிறது; அவர்களுக்கு வருகிற லாபத்தைக் கடைக்கார அண்ணையின் பெயரில் ஏன் காப்பாற்ற வேண்டும்?

செத்தவீட்டில் பத்தினவன் திரும்பவும் விட்டிருக்கிறான். கொஞ்ச நாளைக்குக் கடைப்பக்கம் வரமாட்டன் என்று சொல்லிவிட்டான். அதனால் பின்னேரத்தில் நாங்கள்தான் பிளேன்டீயைப் பிளாஸ்கில் வாங்கிக்கொண்டு அவன்ட வீட்டுக் கேற்றடிக்குப் போறம்.