ரோமாபுரியான் எழுதிய பேரும் மநு கொடுத்த பட்டமும்

நம் திருவண்ணாமலையில் கிரகப்பிரவேசம் முதல் திவசம் வரை எதற்குப் புரோகிதரை அழைத்தாலும், அவர் முதலில் சங்கற்பம் என்று ஒன்று சொல்லுகிறார். அதில் நாம் இருக்கும் இடத்திற்கு ஒரு விலாசம் வருகிறது. அதாவது ஜம்புத் தீவிலே, பாரத வருஷத்திலே, மேரு மலைக்குத் தென்புறத்திலே என்பதாகும். இந்த விலாசத்தை ஒரு கடிதத்தின் மேல் எழுதித் தபால் பெட்டியில் போட்டால் அது எந்த ஊர் போய்ச் சேரும் என்று தட்சணை கொடுப்பவரும் கேட்பதில்லை, வாங்குபவரும் சொல்லுவதில்லை.

புராணக்காரர் உலகத்தை அளந்த விதம் இப்படித்தான். தீவுகள் ஏழாம், அவற்றைச் சுற்றி உப்பு, கருப்பஞ்சாறு, கள், நெய், தயிர், பால், நல்ல தண்ணீர் என்று கடல்கள் ஏழாம். கள்ளுக் கடலில் படகு விட்டவன் யார்? தயிர்க் கடலில் வலை போட்டவன் யார்? ஒருவனும் இல்லை.

அப்படியானால் அந்நிய நாட்டார் புளுகவே இல்லையா என்று கேட்கலாம். தாராளமாகப் புளுகினார்கள். பிளினி என்ற ரோமாபுரி ஆசிரியர் சுமார் 77-ஆம் ஆண்டில் லத்தீன் பாஷையில் ஒரு பெரிய நூல் எழுதினார். அதில் இந்தியாவில் நாய்த் தலை மனிதர் உண்டென்றும், ஒற்றைக் காலைத் தூக்கிக் குடையாகப் பிடித்து அதன் நிழலில் படுப்பவர் உண்டென்றும், கங்கைப் பக்கத்தில் வாயே இல்லாமல் வாசனையை மோந்து பிழைப்பவர் உண்டென்றும் எழுதியிருக்கிறார். சீன தேசத்துப் பட்டு மர இலைகளிலிருந்து சீவி எடுக்கப்படுகிறது என்பதும் அவருடைய எண்ணம். இவற்றில் பலவும் பழைய கிரேக்கப் புஸ்தகங்களைப் பார்த்து எழுதியவையாகும்.

ஆனால் அதே பிளினி, அதே நூலில், நம்முடைய தென்னாட்டுக் கரைக்கு வரும்போது பேச்சே மாறிவிடுகிறது. செங்கடல் வாயிலிலிருந்து காற்றுப் பிடித்தால் 40 நாளில் முசிரிஸ் வரலாம் என்கிறார். அது கொடுங்கல்லூர்ப் பக்கத்து முசிறி. பாண்டியோன் என்ற அரசன் உள்நாட்டில் மொதுரா என்ற ஊரில் இருக்கிறான் என்கிறார். அது பாண்டியனும் மதுரையும் அல்லாமல் வேறென்ன? கொட்டனாரா என்ற இடத்திலிருந்து ஒரே மரத்தைக் குடைந்த ஓடங்களில் மிளகு வருகிறது என்கிறார். அதைக் குட்டநாடு என்பர் ஆராய்ச்சியாளர். வருஷந்தோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை இந்தியா இழுத்துக்கொள்கிறதே என்று புலம்பவும் செய்கிறார். எல்லாவற்றிலும் முக்கியமாக, இந்தப் பேர்கள் முன்னோர் நூல் எதிலும் இல்லை என்பதை அவரே சொல்லிவிட்டு, இருந்தும் எழுதி வைக்கிறார். முன்னோர் சொல்லவில்லையே என்று அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

இந்த வித்தியாசத்திற்குக் காரணம் என்ன? ஞான திருஷ்டியா? இல்லை, மிளகு! கப்பல்காரனுக்குச் சரியான ஊரும் பேரும் வேண்டும். பொய்ப் பேரை நம்பிப் புறப்பட்டால் கப்பலும் போகும், முதலும் போகும். ஆகவே போய்வந்தவன் திருத்தினான், எழுதுகிறவன் ஏற்றுக்கொண்டான். ரோமருடைய பழைய வழிப்படம் ஒன்றின் நகல் இன்றும் வியன்னா நகரத்தில் இருக்கிறது. அதில் முசிரிஸுக்குப் பக்கத்தில் அகஸ்டஸ் சக்கரவர்த்திக்கு ஒரு கோயில் குறித்திருக்கிறது. அந்தத் தெய்வமும் மிளகுக் கப்பலை நம்பித்தான் வந்திருக்க வேண்டும்! நம் ஊருக்குக் கிழக்கே புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் என்பவர் மண்ணைத் தோண்டியபோது, இத்தாலியில் செய்த மட்பாண்டத் துண்டுகளும் அகப்பட்டன. தயிர்க் கடலுக்கு இப்படி ஒரு ஓட்டுத் துண்டாவது சாட்சி உண்டா?

நிற்க. மநுதர்ம சாஸ்திரம் பத்தாம் அத்தியாயத்தைப் பாருங்கள். அங்கேயும் தூர தேசத்து ஜனங்களின் பட்டியல் ஒன்று உண்டு. திராவிடர், யவனர், சகர், பஹ்லவர், சீனர் என்று அடுக்கி, இவர்கள் எல்லாம் க்ஷத்திரியராக இருந்து, கிரியைகளை விட்டதாலும் பிராமணரைக் காணாததாலும் படிப்படியாக விருஷலராய்ப் போனார்கள் என்று சொல்லியிருக்கிறது. விருஷலர் என்றால் சூத்திரர். கிரேக்கனும் சூத்திரன், பாரசீகனும் சூத்திரன், சீனனும் சூத்திரன்! இந்தச் சேதி அவர்களில் யாருக்காவது தெரியுமா? தெரிந்து ஒருநாளாவது தலை குனிந்ததுண்டா? பட்டியலில் உள்ள ஜனங்கள் மெய், பட்டம் பொய். அந்தப் பட்டத்தை மெய்யென்று ஏற்று இரண்டாயிரம் வருஷமாகத் தலையில் சுமந்தவன் நம்மவன் ஒருவனே.

பொய்யைத் திருத்த வழியும் அடைக்கப்பட்டது. கடல் கடந்தால் ஜாதி போய்விடும் என்று போதாயன தர்ம சூத்திரம் சொல்லுகிறது. கப்பலேறிப் போனவனைத் திதிச் சாப்பாட்டிற்கு அழைக்காதே என்று மநு சொல்லுகிறார். போனால்தானே பால் கடல் இல்லை என்று தெரியும்? போய்வந்தவன் பேச்சை மதித்தால்தானே புஸ்தகம் திருந்தும்?

ரோமன் நம்மை மரியாதையாக நினைத்தான் என்று நாம் சொல்லவில்லை. தன் பாஷையும் ஆசாரமும் இல்லாதவனைக் காட்டான் என்று பொருள்பட அவனும் அழைத்தவனே. ஆனால் அவன் சந்ததியார் நாய்த் தலை மனிதரைப் பள்ளிக்கூடப் பாடத்தில் வைத்துக்கொண்டிருக்கவில்லை. அதற்காகத் தட்சணையும் வாங்கவில்லை. ஆகையால் தோழர்களே, உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு உலகப்படம் வாங்கிச் சுவரில் மாட்டுங்கள். அதில் முசிறியைத் தேடச் சொல்லுங்கள், மதுரையைத் தேடச் சொல்லுங்கள். மேரு மலையையும் தேடச் சொல்லுங்கள். சூத்திரன் என்ற பட்டத்திற்கு எந்தத் தேசம் என்றும் கேட்டுப் பாருங்கள். அகப்படாததை அவர்களே தள்ளிவிடுவார்கள்.