வரைபட மென்பொருளின் மந்தம்: கோரிக்கை மனு

அனுப்புநர்
செயலாளர்,
வரைதொழில் அலுவலர்கள் சங்கம்.

பெறுநர்
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
துறைத் தலைமை அலுவலகம்.

பொருள்: ஆட்டோகேட் மென்பொருள் மந்தமாக இயங்குதல் – கோப்பு ஒழுங்கு, வலையமைப்பு, கணினிக் கொள்முதல் – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

கோட்ட, உபகோட்ட அலுவலகங்களில் ஒரு வரைபடத்தைத் திறக்கவும் சேமிக்கவும் ஆகும் நேரத்தால் மதிப்பீடுகளும் ஒப்பந்தப்புள்ளி வரைபடங்களும் தள்ளிப்போகின்றன. தாமதத்துக்கு விளக்கம் கேட்டு வரும் குறிப்பாணை வரைபவரின் மேசைக்கே வருகிறது. புதிய கணினி வந்த அலுவலகங்களிலும் மந்தம் தீரவில்லை. எனவே, காரணம் எங்கே இருக்கிறது என்பதை இம்மனுவில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதற் காரணம் கோப்புகள். ஆலோசனை நிறுவனங்களிடமிருந்து வரும் டிராயிங்கிலிருந்து ஒரு பிளாக்கையோ டைட்டில் பிளாக்கையோ நகலெடுத்து ஒட்டினால், அதோடு சேர்ந்து பிற மென்பொருள்கள் பதித்த ரெக்ஆப்ஸ் பெயர்களும், பயன்படாத அளவுகோல் பட்டியலும், டிஜிஎன் கோப்புகளின் கோட்டுவகைத் தரவும் உள்ளே வந்துவிடும். இவை திரையில் தெரியா, அச்சிலும் வரா. அந்தக் கோப்பிலிருந்து இன்னொருவர் நகலெடுக்கும்போது சுமை அவருக்கும் தொற்றும். ஏ1 தாளில் நான்கு கோடும் ஒரு அட்டவணையும் மட்டுமே உள்ள டிராயிங் திறக்க நிமிடக்கணக்கில் காத்திருப்பது இதனால்தான். வழக்கமாகச் செய்யும் பர்ஜ் இதற்குப் போதாது. கட்டளையின் முன் சிறுகோடு இட்டு, ரெக்ஆப்ஸ் என்ற தேர்வைத் தனியே கொடுக்க வேண்டும். அளவுகோல் பட்டியலைத் தனியே மீட்டமைக்க வேண்டும். எக்ஸ்ரெஃபாக இணைத்துள்ள ஒவ்வொரு கோப்பிலும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். நாங்கள் துப்புரவு செய்து முடித்த மறுநாளே அடுத்த ஆலோசகரின் கோப்பு அதே குப்பையோடு வந்து நிற்கிறது. ஆகவே, ஆடிட், பர்ஜ் செய்து, எக்ஸ்ரெஃப் பாதைகளைச் சரிபார்த்துத் தரப்படும் கோப்பையே ஏற்க வேண்டும் என்று ஆலோசனை ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனை சேர்க்கக் கோருகிறோம். எங்கள் கோரிக்கைகளில் முதன்மையானது இதுவே. ஓவர்கில் கட்டளையை மட்டும் இந்நிபந்தனையில் கட்டாயமாக்க வேண்டாம். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளை அது நீக்கிவிடும். எல்லைக்கோடுகள் உள்ள வரைபடத்தில் அதைச் சரிபார்க்காமல் ஓட்டினால் வேகம் கூடும், புல எல்லை காணாமற்போகலாம்.

அடுத்தது நில அளவைக் கோப்புகள். ட்ரோன் அளவையில் கிடைக்கும் சமவுயரக் கோடுகளில் தேவைக்கு மிஞ்சிய புள்ளிகள் நெருக்கமாகக் கிடக்கின்றன. அளவுத் துல்லியம் கெடாமல் அவற்றைக் குறைத்துத் தருவதும் அளவை செய்தவரின் பொறுப்பாக வேண்டும். இன்னொன்றையும் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். யூடிஎம் ஆயத்தொலைவில் சென்னையின் வடக்கு மதிப்பு 14 லட்சம் மீட்டருக்கு மேல். சுழிப்புள்ளியிலிருந்து இவ்வளவு தொலைவில் வரையும்போது காட்சி பிசகுவதால், சிலர் முழு வரைபடத்தையும் சுழிப்புள்ளிக்கு நகர்த்திவிடுகிறார்கள். பிறகு அது நில எடுப்பு வரைபடத்தோடு பொருந்துவதில்லை. கோப்பை நகர்த்தாமல் யூசிஎஸ் மாற்றி வேலை செய்ய வேண்டும் என்று சுற்றறிக்கை வெளியிட வேண்டுகிறோம்.

செலவே இல்லாத ஒரு கோரிக்கையும் உண்டு. சப்போர்ட் பாதையில் எப்போதோ அகற்றப்பட்ட சர்வரின் முகவரி இன்னும் இருந்தால், எழுத்துரு ஒன்று தேவைப்படும் போதெல்லாம் மென்பொருள் அங்கே போய்த் தேடி, பதில் வராமல் திரும்பும். அலுவலகத்தில் இல்லாத பிளாட்டர் இயல்பான அச்சுப்பொறியாகப் பதிவாகியிருந்தாலும் இதே கதை. இவற்றை மாற்றப் பத்து நிமிடம் போதும். ஆனால் நிர்வாகி கடவுச்சொல் தலைமை அலுவலகத்தில் இருக்கிறது; புகார் எண் வாங்கிக்கொண்டு நாங்கள் காத்திருக்கிறோம். கோட்டத்துக்கு ஒருவருக்காவது இந்த அளவு அதிகாரம் அளிக்க வேண்டும். வேகத்துக்காகச் சிலர் தானியங்கிச் சேமிப்பையே நிறுத்திவைக்கிறார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. மின்தடை வந்தால் அரைநாள் வேலை போய்விடும். அதைத் தடுக்க, சேமிப்புக் கோப்புகள் சர்வருக்குப் போகாமல் உள்ளூர் வட்டிலேயே பதியும்படி அமைக்க வேண்டும். யுபிஎஸ் பேட்டரிகளையும் மாற்ற வேண்டும்.

கணினி விஷயத்துக்கு வருகிறோம். ஆட்டோகேட் தன் வேலையில் பெரும்பகுதியை ஒரே கோரில் செய்கிறது. ரெண்டரிங் போன்ற சிலவற்றுக்கே பல கோர்கள் உதவும். எட்டு கோர் கொண்ட கணினியில் ஒரு கோர் முழுவதும் திணறிக்கொண்டிருந்தாலும் டாஸ்க் மேனேஜரில் சுமார் 12 சதவீதம் என்றுதான் காட்டும். அதைப் பார்த்துவிட்டு, கணினி சும்மாதான் இருக்கிறது, குறை இயக்குபவரிடம் என்று அறிக்கை எழுதப்படுகிறது. இத்தகைய அறிக்கைகளின் பேரில் வழங்கப்பட்ட குறிப்பாணைகளைத் திரும்பப் பெறக் கோருகிறோம். 2025 பதிப்புக்குத் தயாரிப்பாளர் கூறும் குறைந்தபட்ச நினைவகம் 8 ஜிபி, பரிந்துரை 32 ஜிபி. எங்கள் அலுவலகங்களில் குறைந்தபட்சமே உச்சவரம்பாகிவிட்டது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டதால் பழைய கணினிகளை எப்படியும் மாற்றியாக வேண்டும். அப்போது கோர் எண்ணிக்கையைப் பார்க்காமல் ஒரு கோரின் வேகத்தைப் பார்த்து, 32 ஜிபி நினைவகம், எஸ்எஸ்டி, தனி கிராஃபிக்ஸ் கார்டு என விவரக்குறிப்பு அமைய வேண்டும். அதை வகுக்கும் குழுவில் அன்றாடம் வரைபவர் ஒருவரேனும் இடம்பெற வேண்டும்.

கொள்முதலுக்கு முன், ஒரு வட்டத்தில் மட்டும் இப்போதுள்ள கணினிகளிலேயே கோப்புத் துப்புரவையும் பாதை மாற்றங்களையும் செய்து, ஒரே வரைபடம் திறக்கும் நேரத்தை முன்னும் பின்னும் அளந்து பார்க்க அனுமதி கோருகிறோம். அதற்கான ஆட்களைச் சங்கமே தரும். அந்த அளவீட்டை முன்வைத்துப் பேச, கொள்முதல் விவரக்குறிப்பு இறுதியாகும் முன் எங்கள் நிர்வாகிகளுக்கு நேரம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்

நகல்: கண்காணிப்புப் பொறியாளர்கள், அனைத்து வட்டங்கள்.