வரவேற்பறையிலிருந்து தெரியும் வறுமை

தெற்காசிய எழுத்தாளர் ஒருவர் ஏழைகளைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதி, அதற்கு மேற்குலகில் பரிசும் கிடைத்துவிட்டால், நம்மவர்களிடமிருந்து உடனே ஒரு குற்றச்சாட்டு எழும். நமது வறுமையை வெள்ளைக்காரனுக்கு விற்றுவிட்டார் என்பதே அது. 2008ல் அரவிந்த் அடிகாவின் 'த வைட் டைகர்' நாவலுக்குப் புக்கர் பரிசு கிடைத்தபோது இதனைக் கேட்டோம். விகாஸ் ஸ்வரூப்பின் நாவலைத் தழுவிய 'ஸ்லம்டோக் மில்லியனர்' திரைப்படம் 2009ல் எட்டு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றபோது இன்னும் உரத்துக் கேட்டோம். குற்றச்சாட்டு புதியதல்ல. 1980ல் இந்திய நாடாளுமன்றத்தின் மேலவை உறுப்பினராக இருந்த நடிகை நர்கிஸ், சத்யஜித் ராய் இந்தியாவின் வறுமையை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்வதாகக் குற்றஞ்சாட்டியிருந்தார்.

இந்தக் குற்றச்சாட்டில் எனக்கு உடன்பாடில்லை. வறுமை இருக்கும் நாட்டில் அதனை எழுதுவது வெட்கத்துக்குரியதல்ல; வறுமை இருப்பதுதான் வெட்கத்துக்குரியது. பத்திரிகைத் தொழிலில் நான் கண்ட உண்மை ஒன்று உண்டு. ஒரு செய்தி வெளிவந்ததும் கோபம் கொள்பவர்களில் பலருக்கு, அது பொய் என்பதல்ல பிரச்சினை. அது வெளியே தெரிந்துவிட்டதே என்பதுதான் பிரச்சினை.

ஆனால், ஆங்கிலத்தில் எழுதும் நமது எழுத்தாளர்களிடம் கேட்க வேண்டிய வேறொரு கேள்வி இருக்கிறது. எங்கே நின்றுகொண்டு அவர்கள் ஏழையைப் பார்க்கிறார்கள்?

இந்த நாவல்களைத் தொடர்ந்து வாசித்து வருபவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். அவற்றில் வரும் ஏழை பெரும்பாலும் வீட்டு வேலைக்காரராகவே இருக்கிறார். சமையற்காரர், சாரதி, ஆயா, காவலாளி. வயலில் கூலிக்கு நிற்பவரையும், தேயிலை கிள்ளுபவரையும், கரைவலை இழுப்பவரையும் அங்கே காண்பது அரிது. காரணம் எளியது. நமது நாடுகளில் ஆங்கிலத்தில் நாவல் எழுதும் அளவுக்குக் கல்வி பெற்றவர்களிற் பெரும்பாலோர் வேலைக்காரர் வைத்திருந்த வீடுகளில் வளர்ந்தவர்கள். அவர்கள் வாழ்வில் முதன்முதலாகக் கண்ட ஏழை, அவர்களுக்கே சோறு பரிமாறியவர். வறுமை அவர்களுக்கு வரவேற்பறையிலிருந்து சமையலறை வரை தெரிந்தது. அதற்கு அப்பாலிருந்த கிராமம் தெரியவில்லை.

தொடக்கத்தில் இப்படி இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முல்க் ராஜ் ஆனந்த் 1935ல் வெளியிட்ட 'அன்டச்சபிள்' நாவல், மலசலகூடம் துப்புரவு செய்யும் பாக்கா என்ற இளைஞனின் ஒரேயொரு நாளைச் சொல்கிறது. 19 பதிப்பகங்கள் அதனை நிராகரித்தன. ஈ. எம். ஃபோஸ்டர் முன்னுரை எழுதிய பின்னரே அது அச்சேறியது. ஆனந்த் தமது நாயகனைத் தேடி எந்த வீட்டின் சமையலறைக்கும் போகவில்லை. ஊருக்கு வெளியே தள்ளிவைக்கப்பட்ட குடியிருப்புக்குப் போனார். பின்னர் 1937ல் வெளிவந்த 'டூ லீவ்ஸ் அன்ட் எ பட்' நாவலில் அசாமின் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்றார். அவரது நாவல்களில் பிரசார வாடை உண்டு என்பது உண்மையே. ஆயினும் அவர் நடந்து சென்ற தூரத்தைப் பின்னால் வந்த பலர் நடக்கவில்லை.

வீட்டுக்குள் நின்று பார்ப்பது மட்டுமே ஒரு குறையாகிவிடாது. நேர்மையாகப் பார்த்தால் அங்கிருந்தும் நிறையத் தெரியும். கிரண் தேசாயின் 'த இன்ஹெரிட்டன்ஸ் ஒஃப் லொஸ்' 2006ல் புக்கர் பரிசு பெற்றது. கலிம்பொங்கில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் வீட்டில் வேலை செய்பவர், நாவலின் பெரும்பகுதியில் சமையற்காரர் என்றே குறிப்பிடப்படுகிறார். அவரது மகன் பிஜு நியூயோர்க்கில் விசா இன்றி உணவகத்துக்கு உணவகம் மாறிப் பாத்திரங்களுடன் போராடுகிறான். தந்தை உள்ளூரில் சமையலறை, மகன் அமெரிக்காவில் சமையலறை. புலம்பெயர்ந்த நம்மவர்கள் எத்தனையோ பேர் பாரிஸிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உணவகங்களின் பின்கட்டில் கோப்பை கழுவித்தான் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். அவர்களுக்கு பிஜுவை எவரும் அறிமுகம் செய்யத் தேவையில்லை.

'த வைட் டைகர்' வேறு வகை. சாரதி பல்ராம் ஹல்வாய் தனது எஜமானைக் கொன்று, பணத்துடன் பெங்களூருக்கு ஓடி, முதலாளியாகிறான். எஜமானின் மனைவி குடிபோதையில் வாகனம் ஓட்டி விபத்தை ஏற்படுத்தியபோது, பழியைத் தானே ஏற்பதாக எழுதிய வாக்குமூலத்தில் சாரதியைக் கையெழுத்திட வைக்கும் கட்டம், தெற்காசியாவின் எந்த நகரத்திலும் நம்பத்தக்கது. எஜமான விசுவாசம் என்று நாம் பெருமை பேசுவதன் உள்ளே எவ்வளவு அச்சம் இருக்கிறது என்பதை அடிகா திறந்து காட்டுகிறார். எனது மனக்குறை வேறு. பல்ராமுக்குத் தோழர்கள் இல்லை. மற்றச் சாரதிகளும் அவனும் சேர்ந்து எதனையும் கேட்பதில்லை. கொலை அல்லது அடிமைத்தனம் என்ற இரண்டே வழிகள். தனது செயலுக்காகக் குடும்பமே பழிவாங்கப்படக்கூடும் என்று தெரிந்தே அவன் துணிகிறான். தனி மனிதன் தப்பியோடும் கதையாக ஏற்றத்தாழ்வைச் சொன்னால் வேகம் கிடைக்கும். ஏழைகள் ஒன்றுகூடி வென்ற வரலாறு மறைந்துபோகும்.

நான் மிகவும் மதிப்பது பாகிஸ்தானின் டானியல் முயினுதீனை. 2009ல் வெளிவந்த அவரது சிறுகதைத் தொகுதியில் நவாப்தீன் என்றொரு மின்திருத்துநர் வருகிறார். மின்மானியை மெதுவாக ஓட வைக்கும் வித்தை அவருக்குக் கைவந்தது. பன்னிரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன். தனது மோட்டார் சைக்கிளைப் பறிக்க வந்து குண்டடிபட்டுச் சாகும் ஏழைத் திருடன் மன்னிப்புக் கேட்கும்போது, நவாப்தீன் மன்னிக்க மறுத்துவிடுகிறார். ஏழை என்பதற்காக ஆசிரியர் அவரைப் புனிதராக்கவில்லை. கைத்தொழில், தந்திரம், குடும்பப் பாசம், கல்நெஞ்சம் எல்லாம் கலந்த முழு மனிதர் அவர்.

எனது அளவுகோலும் இதுதான். கதையில் வரும் ஏழைக்கு, எஜமானுக்குத் தெரியாத ஏதேனும் தெரிந்திருக்கிறதா? அவர் நம்மை எடைபோடுகிறாரா? அல்லது நாம் இரக்கப்படுவதற்காக மட்டும் அங்கே நிறுத்தப்பட்டிருக்கிறாரா?

இனி நமது நாட்டுக்கு வருவோம். ரொமேஷ் குணசேகரவின் 'ரீஃப்' 1994ல் புக்கர் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. 1962ல் பதினொரு வயதில் கடல்வாழ் உயிரின ஆய்வாளர் ஒருவரின் வீட்டுக்கு வேலைக்கு வரும் ட்ரைட்டன் என்ற சிறுவனே கதைசொல்லி. அவனது சமையற் கலையை ஆசிரியர் அருமையாக எழுதியிருக்கிறார். ஆயினும் ஒரு பிள்ளை ஏன் பள்ளிக்கூடத்தில் இல்லாமல் அந்த அடுப்படியில் நிற்கிறான் என்ற கேள்வி, கேக்கின் மணத்தில் அமுங்கிவிடுகிறது. அனுக் அருட்பிரகாசத்தின் 'எ பசேஜ் நோர்த்' (2021) இன்னும் நமக்கு நெருக்கமானது. போரில் இரண்டு ஆண்பிள்ளைகளையும் இழந்த ராணி என்ற பெண், கொழும்பிலுள்ள தமிழ்க் குடும்பம் ஒன்றில் மூதாட்டியைப் பராமரிக்க வருகிறார். பின்னர் வடக்கில் அவர் இறந்துவிட, அந்த வீட்டின் இளைஞன் இறுதிச் சடங்குக்காக ரயிலேறுகிறான். ராணியின் துயரத்தை முழுதும் அறிந்ததாக அவன் பாசாங்கு செய்வதில்லை. அந்த அடக்கத்தை நான் மதிக்கிறேன்.

இந்த நாவலை வாசித்து முடித்த இரவு எனக்கு ஒரு பழைய ஞாபகம் வந்தது. எழுபதுகளின் நடுப்பகுதியில் மலையகத் தோட்டங்களில் பட்டினி நிலவியது. தமது பிள்ளைகளுக்கு ஒருவேளைச் சோறாவது கிடைக்கட்டும் என்று பெற்றோர் பலர் அவர்களைக் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். அப்போது இளம் நிருபனாக இருந்த நான், கொழும்பில் உறவினர் ஒருவரின் வீட்டில் தங்கியிருந்தேன். தோட்டத்துப் பட்டினி பற்றி அந்த வீட்டு மேசையில் இருந்துதான் எழுதினேன். எழுதும்போது தேநீர் கொண்டுவந்து வைத்தவள் தோட்டத்திலிருந்து வந்த, பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க சிறுமி. எல்லோரும் அவளைப் "பிள்ளை" என்றே கூப்பிட்டார்கள். எந்தத் தோட்டம், தாய் தகப்பன் யார், படிக்க விருப்பமா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. அவளது பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கட்டுரை நன்றாக வந்திருப்பதாக ஆசிரியர் பாராட்டினார்.

கிரண் தேசாயின் சமையற்காரருக்குப் பெயர் சொல்லப்படாததைக் குறைகூற எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

2021 ஜூலையில், மலையகத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்திருந்த 16 வயதுச் சிறுமி ஒருவர் தீக்காயங்களுடன் மருத்துவமனையில் உயிரிழந்தபோது நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பு நியாயமானது. ஆனால், அத்தகைய பிள்ளைகள் நமது வீடுகளிலும் பல தலைமுறைகளாக நின்றார்கள் என்பதைச் சொன்னவர்கள் மிகச் சிலரே.

அடுப்படிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுதியவர்கள் நம்மிடையே இல்லாமலில்லை. தோட்டத்திலேயே பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்திலேயே தம் மக்களைப் பற்றி எழுதினார். கே. டானியல் 1972ல் 'பஞ்சமர்' நாவலில் யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமையை உள்ளிருந்து எழுதினார். அங்கே ஒடுக்கப்பட்டவர்கள் தனித்தனியே தப்பியோடவில்லை, சேர்ந்து போராடினார்கள். பாமாவின் 'கருக்கு' லக்ஷ்மி ஹோம்ஸ்ரோமின் மொழிபெயர்ப்பில் 2000ல் ஆங்கிலத்துக்குச் சென்றது. கன்னடத்தில் எழுதும் பானு முஷ்தாக்கின் கதைகள், தீபா பாஸ்தியின் மொழிபெயர்ப்புக்காக 2025ல் சர்வதேச புக்கர் பரிசைப் பெற்றன. ஆங்கிலத்தில் நேரடியாக எழுதுபவரின் வரவேற்பறை வழியாகவே நமது ஏழைகள் உலகுக்குத் தெரிய வேண்டும் என்ற நிலை மாறத் தொடங்கியிருக்கிறது. மலையகத்தின் நல்ல தமிழ்க் கதைகளும் அவ்வழியே செல்ல வேண்டும். புலம்பெயர் நாடுகளில் இரு மொழியிலும் வளர்ந்த நம் இளைஞர்கள் இப்பணியை ஏற்றால், அது பேருதவியாக இருக்கும்.

இந்நாவல்களைப் பிடிக்கவில்லை என்று சொல்ல எவருக்கும் உரிமையுண்டு. எனக்கும் சில பிடிக்கவில்லை. ஆனால், வறுமையை விற்கிறார்கள் என்று அடுத்த முறை சொல்ல வாயெடுக்கும்போது, நமக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்த பிள்ளையின் பெயர் நினைவிருக்கிறதா என்று ஒருகணம் யோசித்துப் பார்ப்போம். எனக்கு நினைவில்லை. அதனால் நான் அந்தக் குற்றச்சாட்டைச் சொல்வதில்லை.